இயங்கிக்கொண்டிருக்கும் மன்றத்தை மேம்படுத்தும்போது எழும் பழுதுகள்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பிஎச்பிபிபி என்ற மன்ற மென்பொருளில் இயங்கும் இணைய மன்றம் ஒன்றை 3.2 வரிசையிலிருந்து 3.3 வரிசைக்குக் கொண்டுபோகும் நிர்வாகிக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. 3.0, 3.1 வரிசைகளிலிருந்து நேரடியாக வருபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். 2.0 வரிசையில் இன்னும் இருப்பவர்களுக்கு வேண்டியது மேம்படுத்தல் அன்று, முழு மாற்றம். அது வேறு வேலை.

மேம்படுத்தலைத் தள்ளிப்போடலாமா என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பர் மாதத்தை நினைவூட்டுவது வழக்கம். பிஎச்பிபிபி 2.0.10 வரையிலான பதிப்புகளில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்தி, சாண்டி என்ற புழு நிரல் கூகுள் வழியாகவே பலவீனமான தளங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றின் பக்கங்களை அழித்தெழுதியது. அந்த ஓட்டையை அடைத்த 2.0.11 பதிப்பு அதற்கு முந்தைய மாதமே வெளிவந்துவிட்டது. மருந்து கடையில் இருந்தும் வாங்காதவர்கள்தான் அன்று அடிபட்டார்கள்.

ஆனால் அவசரப்பட்டு மேம்படுத்துவதும் அதே அளவுக்குக் கேடு தரும். மன்றம் ஒன்றில் மென்பொருள் கோப்புகளை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். உறுப்பினர்கள் எழுதியவற்றையும் அவர்கள் ஏற்றிய படங்களையும் எங்கிருந்தும் திரும்பப் பதிவிறக்க முடியாது. ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பார்க்கும்போதும், பழுதைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: மேம்படுத்தலுக்குப் பிறகு மன்றத்தில் யாராவது எழுதத் தொடங்கிவிட்டார்களா? இல்லையெனில், பழைய நிலைக்குத் திரும்புவது அரை மணி நேர வேலை. எழுதத் தொடங்கிவிட்டார்கள் எனில், திரும்பிப்போகும் ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவருடைய பதிவை அழிக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மன்றத்தை மூடுவதிலிருந்து தொடங்குங்கள். நிர்வாகப் பலகத்தில் மன்றத்தை முடக்கும் விருப்பம் உள்ளது. ஆனால் அது நிர்வாகிகளையும் நெறியாளர்களையும் தடுக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் காப்புப் பிரதி எடுத்து முடித்த பத்தாவது நிமிடத்தில் ஒரு நெறியாளர் உள்ளே வந்து நீண்ட பதிலொன்றை எழுதிவிட்டுப் போகலாம். நீங்கள் பழைய நிலைக்குத் திரும்பினால் அந்தப் பதில் போய்விடும். எனவே நெறியாளர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். முடிந்தால் உங்கள் முகவரியைத் தவிர மற்ற அனைவருக்கும் பராமரிப்புப் பக்கம் ஒன்றைச் சர்வரே காட்டும்படி அமைத்துவிடுங்கள்.

மன்றத்தை மூடிய பிறகே தரவுத்தளத்தின் காப்புப் பிரதியை எடுக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைக் கோப்பாகப் படியெடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவிக்கு ‘சிங்கிள் டிரான்சாக்‌ஷன்’ என்ற விருப்பத்தைக் கொடுத்துவிட்டால் மன்றம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம் என்பது இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு மட்டுமே உண்மை. மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பிலிருந்துதான் இன்னோடிபி இயல்பு வகையானது. அதற்கு முன் தொடங்கப்பட்ட மன்றங்களின் அட்டவணைகள் பெரும்பாலும் இன்றும் மைஐசாம் வகையாகவே இருக்கும். அவற்றை ஓட்டத்தில் எடுத்தால், ஓர் அட்டவணை பத்து மணி நிலையிலும் மற்றொன்று பத்தேகால் மணி நிலையிலும் பதிவாகும். பதிவு இருக்கும், அதற்குரிய தலைப்பு இருக்காது.

எடுத்த பிரதியின் கடைசி வரியைக் கண்ணால் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் தன் வேலையை முழுமையாக முடித்திருந்தால், பிரதி முடிந்தது என்பதைத் தேதியுடனும் நேரத்துடனும் கடைசி வரியில் எழுதியிருக்கும். அந்த வரி இல்லையென்றால் உங்களிடம் காப்புப் பிரதி இல்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் பராமரித்த ஒரு சிறு மன்றத்தில், வாடகைச் சர்வரில் எனக்கு ஒதுக்கப்பட்ட வட்டு இடம் பாதியிலேயே நிரம்பிவிட்டதால், பிரதி எடுக்கும் பணி பதிவுகள் அட்டவணையின் நடுவே நின்றுபோயிருந்தது. கோப்பு பெரிதாகத்தான் இருந்தது, பெயரும் சரியாக இருந்தது, நான் திறந்து பார்க்கவில்லை. மேம்படுத்தல் பாதியில் முறிந்து, பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில்தான் கடைசி வரி ஒரு வாக்கியத்தின் நடுவே அறுந்து கிடப்பதைப் பார்த்தேன். முந்தைய வாரப் பிரதி ஒன்று வீட்டுக் கணினியில் இருந்ததால் இழப்பு ஆறு நாள் பதிவுகளோடு நின்றது.

இடம் போதாதவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். பிஎச்பிபிபியின் சொந்தத் தேடல் முறையைப் பயன்படுத்தும் மன்றங்களில், எந்தச் சொல் எந்தப் பதிவில் வருகிறது என்று குறித்துவைக்கும் அட்டவணை, பதிவுகளின் அட்டவணையை விடவும் பெரிதாகிவிடுவது உண்டு. அதன் உள்ளடக்கத்தைப் பிரதியிலிருந்து விட்டுவிட்டு, அமைப்பை மட்டும் எடுத்தால் போதும். தேடல் அட்டவணையைப் பின்னர் பதிவுகளிலிருந்தே மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.

கோப்புகளில் பாதுகாக்க வேண்டியவை ‘கான்ஃபிக்’ என்ற அமைப்புக் கோப்பும், ‘ஃபைல்ஸ்’, ‘இமேஜஸ்’, ‘ஸ்டோர்’, ‘எக்ஸ்ட்’ ஆகிய நான்கு கோப்புறைகளும், நீங்களே மாற்றியமைத்த தோற்றம் ஏதேனும் இருந்தால் அதுவும். கடைசியாக, பதிவுகள் எத்தனை, தலைப்புகள் எத்தனை, உறுப்பினர்கள் எத்தனை, இறுதிப் பதிவின் எண் எது என்ற நான்கு எண்களைத் தாளில் எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் முதலில் ஒப்பிட வேண்டியவை இவைதான்.

அறிகுறி: வெறும் வெள்ளைப் பக்கம், அல்லது 500 என்ற பிழை

அதிகம் வருவதும் அதிகம் பயமுறுத்துவதும் இதுதான். ஆனால் தரவுகளுக்கு இதனால் பெரும்பாலும் ஆபத்து இல்லை. பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் கோப்புகளை மீண்டும் மீண்டும் ஏற்றிக்கொண்டிருக்காமல், சர்வரின் பிழைப்பதிவைத் திறந்து அதன் இறுதி வரிகளைப் படியுங்கள். காரணம் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

மன்ற மென்பொருள் எழுதப்பட்டுள்ள பிஎச்பி மொழியின் பதிப்பு பொருந்தவில்லை என்று அந்த வரிகள் காட்டினால், வேலை வரிசை தவறியிருக்கிறது என்று பொருள். பிஎச்பிபிபி 3.3 வரிசையின் முதல் பதிப்புக்கே குறைந்தது பிஎச்பி 7.1.3 தேவைப்பட்டது, 3.2 வரிசையோ பிஎச்பி 8 இல் இயங்காது. ஆகவே வாடகைச் சர்வர் நிறுவனம் ஒருநாள் பிஎச்பியை 8க்கு மாற்றிவிட்டால், நீங்கள் எதையும் தொடாமலே மன்றம் வெள்ளையாகிவிடும். அப்படி நேர்ந்தால், முதலில் பிஎச்பியை 7.4க்குத் தற்காலிகமாகத் திருப்பி, மன்றத்தை உயிர்ப்பித்து, அதிலேயே 3.3க்கு மேம்படுத்தி, பிறகு பிஎச்பியை உயர்த்த வேண்டும். 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன; ஆகையால் அது பாலமாக மட்டும் இருக்கட்டும், அங்கேயே குடியிருக்க வேண்டாம்.

ஒரு வகுப்பையோ கோப்பையோ காணவில்லை என்று பிழைப்பதிவு சொன்னால், பழைய கோப்புகளும் புதிய கோப்புகளும் கலந்துவிட்டன என்று கொள்ளலாம். 3.2 வரிசை சிம்ஃபனி 2.8 என்ற அடித்தளத்தின் மீதும், 3.3 வரிசை சிம்ஃபனி 3.4 மீதும் கட்டப்பட்டவை; இரண்டும் ‘வென்டார்’ என்ற கோப்புறைக்குள் ஒரே இடத்தில் அமர்கின்றன. பழையதை நீக்காமல் புதியதை மேலேயே கொட்டினால் இரண்டின் எச்சங்களும் ஒன்றோடொன்று மோதும். மேலே சொன்ன ஐந்தையும் உங்கள் சொந்தத் தோற்றத்தையும் தவிர மற்ற அனைத்தையும் நீக்கிவிட்டு, முழுத் தொகுப்பை ஏற்றுவதே இதற்குத் தீர்வு. ஏற்றும்போது தொகுப்பிலுள்ள ‘கான்ஃபிக்’ கோப்பும் ‘ஃபைல்ஸ்’, ‘இமேஜஸ்’, ‘ஸ்டோர்’ கோப்புறைகளும் உங்களுடையவற்றின் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை எஃப்டிபி வழியாக ஒவ்வொன்றாக அனுப்பினால் இடையில் இரண்டு மூன்று விடுபடுவது இயல்பு; ஜிப் கோப்பாக ஒரே முறையில் அனுப்பிச் சர்வரிலேயே விரிப்பது நல்லது.

கோப்புகள் சரியாக இருந்தும் வெள்ளைப் பக்கம் நீடித்தால், ‘கேஷ்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘புரொடக்‌ஷன்’ கோப்புறையின் உள்ளடக்கத்தைக் கையால் நீக்குங்கள். அங்கே பழைய பதிப்புக்காகத் தொகுத்துவைத்த நிரல்கள் உள்ளன. அவை அழிந்தால் நட்டமில்லை, மன்றம் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். அதற்கும் அசையாவிட்டால் பிஎச்பியின் ஆப்கேஷ் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். கோப்பின் மாற்ற நேரத்தைச் சோதிக்க வேண்டாம் என்று அமைக்கப்பட்ட சர்வர்களில், நீங்கள் புதிய கோப்பை வைத்த பிறகும் அது பழைய கோப்பையே நினைவிலிருந்து இயக்கிக்கொண்டிருக்கும்; பிஎச்பி சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் அது விலகும்.

பிழைப்பதிவைப் பார்க்க வழியே இல்லாத சர்வரில் இருப்பவர்கள், ‘கான்ஃபிக்’ கோப்பில் சூழலைக் குறிக்கும் வரியில் ‘புரொடக்‌ஷன்’ என்பதை ‘டெவலப்மென்ட்’ என்று மாற்றினால் பிழை திரையிலேயே தெரியும். கோப்புப் பாதைகள் எல்லாம் வருபவர் போவோர் கண்ணிலும் படும் என்பதால், படித்தவுடன் பழையபடி மாற்றிவிட வேண்டும்.

அறிகுறி: ‘இன்ஸ்டால்’ கோப்புறையை நீக்கும்படி கேட்கும் செய்தி

இது பழுதன்று. அந்தக் கோப்புறை இருக்கும்வரை நிர்வாகப் பலகம் மட்டுமே திறக்கும்படி மென்பொருள் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. தரவுத்தள மேம்படுத்தல் முடிந்ததா என்று உறுதி செய்துகொண்டு நீக்குங்கள். முடியும் முன் நீக்கினால், புதிய கோப்புகள் பழைய அட்டவணைகளின் மேல் ஓடத் தொடங்கி, இல்லாத நெடுவரிசைகளைத் தேடி விதவிதமான எஸ்க்யூஎல் பிழைகளைக் காட்டும்.

அறிகுறி: தரவுத்தள மேம்படுத்தல் பாதியில் நின்றுவிட்டது

உலாவியில் முன்னேற்றப் பட்டை ஓடிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். பிறகு 504 என்ற பிழை வரும். பதறிப்போய் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டாம். உலாவி காத்திருப்பதை விட்டுவிட்டது என்பதற்காகத் தரவுத்தளமும் வேலையை விட்டுவிட்டது என்று பொருளில்லை. பெரிய அட்டவணை ஒன்றில் ஒரு நெடுவரிசையைச் சேர்க்கும் கட்டளை உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் நடப்பிலுள்ள பணிகளின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். அட்டவணையை மாற்றும் பணி அதில் தெரிந்தால் அது முடியும்வரை காத்திருங்கள்.

பிறகு அதே வேலையைக் கட்டளை வரியில் தொடருங்கள். பிஎச்பிபிபியோடு வரும் ‘பின்’ கோப்புறையில் கட்டளை வரி நிரல் ஒன்று இருக்கிறது. அதற்கு ‘டிபி:மைக்ரேட்’ என்ற கட்டளையையும், நீட்சிகளை (மன்றத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்களை) ஏற்றாமல் இயங்கச் சொல்லும் ‘சேஃப்-மோட்’ விருப்பத்தையும் கொடுத்தால், உலாவியின் நேர வரம்பு எதுவும் குறுக்கே வராது. மேம்படுத்தல் பல சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, முடிந்த ஒவ்வொரு படியும் அதற்கான அட்டவணையில் குறிக்கப்படுவதால், விட்ட இடத்திலிருந்து அது தொடரும்.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள் உள்ளன. பல வாடகைச் சர்வர்களில் உலாவிக்குப் பின்னால் இயங்கும் பிஎச்பி ஒரு பதிப்பாகவும், கட்டளை வரியில் ‘பிஎச்பி’ என்று தட்டினால் வருவது வேறொரு பதிப்பாகவும் இருக்கும்; முதலில் பதிப்பைக் கேட்டுப் பார்த்துவிட்டு இயக்குங்கள். மற்றொன்று, சர்வரில் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இந்தக் கட்டளையை ஓட்டுவது. அப்போது ‘கேஷ்’ கோப்புறையில் உருவாகும் கோப்புகள் யாவும் ரூட்டின் உடைமையாகிவிடும். மேம்படுத்தல் வெற்றி என்று திரை சொல்லும், ஆனால் மன்றத்தைத் திறந்தால் அந்தக் கோப்புகளில் எழுத முடியாமல் பழைய வெள்ளைப் பக்கமே வரும். இணையச் சர்வர் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனராகவே கட்டளையை இயக்க வேண்டும்.

வட்டு இடமும் காரணமாகலாம். அட்டவணையின் அமைப்பை மாற்றும்போது மைஎஸ்க்யூஎல் பல நேரங்களில் முழு அட்டவணையையும் நகலெடுத்து, நகலைத் திருத்தி, பழையதன் இடத்தில் வைக்கிறது. ஆறு ஜிபி அட்டவணைக்கு இன்னொரு ஆறு ஜிபி வெற்றிடம் வேண்டும்.

தொடர முயலும்போது ‘இந்த நெடுவரிசை ஏற்கெனவே உள்ளது’ என்ற வகைப் பிழை வந்தால், ஒரு படி செய்து முடிக்கப்பட்டும் முடிந்ததாகக் குறிக்கப்படாமல் அறுந்திருக்கிறது. அந்த நெடுவரிசையைக் கையால் நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டும்படி பலர் ஆலோசனை சொல்வார்கள். ஒருமுறை அது வேலை செய்யவும் கூடும். என் கருத்தில், மன்றம் இன்னும் திறக்கப்படாத இந்த நேரத்தில், காப்புப் பிரதியிலிருந்து தரவுத்தளத்தை முழுதாக மீட்டு, முதலிலிருந்து கட்டளை வரியில் ஓட்டுவதே சரியானது. கையால் ஒட்டுப்போட்ட அட்டவணையின் குறை அன்றைக்குத் தெரியாது. அடுத்த மேம்படுத்தலில்தான் தெரியும்.

அறிகுறி: மன்றம் திறக்கிறது, ஆனால் உள்நுழைய முடியவில்லை

சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும், பிழைச் செய்தி எதுவும் இல்லாமல், வெளியே நிற்பவராகவே முகப்புப் பக்கத்துக்குத் திரும்பி வந்தால் அது குக்கீயின் கோளாறு. மேம்படுத்தலோடு சேர்த்துத் தளத்தின் முகவரியையோ பாதுகாப்பு இணைப்பையோ மாற்றியவர்களுக்கே இது அதிகம் வரும். பாதுகாப்பான குக்கீ என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்து, நீங்கள் எச்டிடிபி முகவரியில் நுழைந்தால், உலாவி குக்கீயைத் திருப்பி அனுப்பாது. உள்ளே போகவே முடியாததால் அமைப்பை நிர்வாகப் பலகத்தில் மாற்றவும் வழியில்லை. தரவுத்தளத்தில் ‘கான்ஃபிக்’ என்று முடியும் பெயருள்ள அட்டவணையில் குக்கீ களம், பாதுகாப்பு ஆகிய இரு வரிசைகளை நேராகத் திருத்த வேண்டும். திருத்திய பின்னும் ஒன்றும் மாறவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் கேஷை அழிக்க மறந்தவர்கள். அந்த அமைப்புகள் கேஷில் படியெடுத்து வைக்கப்பட்டிருப்பதால், அட்டவணையில் செய்த திருத்தம் கேஷ் அழியும்வரை மன்றத்தின் காதில் விழாது.

இன்னொரு வகை அரிதானது, ஆனால் குழப்பமானது: சிலருக்கு மட்டும் கடவுச்சொல் தவறு என்று வரும், மற்றவர்களுக்கு வராது. 3.3 வரிசை, பிஎச்பியில் வசதி இருந்தால், கடவுச்சொற்களை ஆர்கான்2 முறையில் சுருக்கிச் சேமிக்கத் தொடங்குகிறது. ஓர் உறுப்பினர் உள்நுழையும்போதுதான் அவருடைய பழைய சுருக்கம் புதியதாக மாற்றப்படும். பிறகு தரவுத்தளத்தை அந்த வசதி இல்லாத பிஎச்பி உள்ள சர்வருக்கு மாற்றினால், இடைப்பட்ட நாளில் உள்நுழைந்தவர்கள் மட்டும் வெளியே நிற்பார்கள். குறை கடவுச்சொல்லில் இல்லை, சர்வரின் பிஎச்பியில் இருக்கிறது.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன

தமிழ் மன்றங்களை நடத்துபவர்கள் இங்கே சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஆங்கில மன்றங்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளில் இந்தப் பழுது ஓரிரு வரிகளில் கடந்துபோகும், ஏனெனில் அவர்களுக்கு மேற்கோள் குறிகளும் சில உச்சரிப்புக் குறியிட்ட எழுத்துகளுமே சிதையும். நமக்கோ மொத்தப் பதிவும் போய்விடும்.

சிதைவு எந்த வகை என்று முதலில் பாருங்கள். தலையில் சாய்கோடு இட்ட சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்துள்ள வணிக முத்திரைக் குறியும் திரும்பத் திரும்ப வந்தால் மகிழ்ச்சியடையுங்கள். தரவு உயிரோடு இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. பழைய லத்தீன்-1 முறையில் 224 என்பது அந்தச் சாய்கோட்டு ஏ, 174 என்பது அந்த முத்திரைக் குறி. அதாவது, மூன்று பைட்டுகளைச் சேர்த்து ஓர் எழுத்தாகப் படிக்க வேண்டிய இடத்தில் யாரோ தனித்தனியே மூன்று எழுத்துகளாகப் படித்திருக்கிறார்கள். பைட்டுகள் அப்படியே உள்ளன.

அந்த யாரோ யார் என்று கண்டுபிடிக்கக் காப்புப் பிரதிக் கோப்பை யூடிஎஃப்-8 ஆகத் திறக்கும் ஓர் உரைத் தொகுப்பியில் பாருங்கள். அதில் தமிழ் தமிழாகவே தெரிந்தால், பிரதி நல்லது. மீட்கும்போது இணைப்பின் குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்டதே பிழை. வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, இயல்புக் குறியாக்கத்தை யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகச் சொல்லி மீண்டும் மீட்டால் சரியாகிவிடும். கோப்பிலேயே சிதைந்திருந்தால் பிழை பிரதி எடுத்த கட்டளையில் இருக்கிறது. பழைய தரவுத்தளம் இன்னும் அழிக்கப்படவில்லை என்றால், அதிலிருந்து சரியான குறியாக்கத்தோடு மறுபடி எடுங்கள். சிதைந்த நிலையிலேயே மன்றத்தைத் திறந்துவிட்டு, புதிய பதிவுகள் நன்றாகத்தானே தெரிகின்றன என்று விட்டுவிடுவது மிகப் பெரிய தவறு. இருவகைப் பதிவுகளும் ஒரே அட்டவணையில் கலந்த பிறகு, ஒரே கட்டளையில் திருத்த முடியாது. பழையதைத் திருத்தும் கட்டளை புதியதைக் கெடுக்கும்.

எழுத்துகளுக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் நிலைமை வேறு. அங்கே பைட்டுகளே தூக்கி எறியப்பட்டுவிட்டன; அந்தப் பிரதியிலிருந்து எதையும் மீட்க முடியாது, அதற்கு முந்தைய பிரதியைத்தான் தேட வேண்டும்.

மன்றத்தின் மிகப் பழைய சில பதிவுகள் மட்டும் குழம்பித் தெரிந்து, மற்ற அனைத்தும் நன்றாக இருந்தால், அவை எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதியவர்கள் ஏராளம். அவை மேம்படுத்தலால் கெட்டவை அல்ல, முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும். இப்போதுதான் உங்கள் கண்ணில் படுகின்றன. அவற்றை இன்னொரு நாள் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: இணைப்புகளும் முகப்படங்களும் காணவில்லை

உறுப்பினர்கள் ஏற்றிய இணைப்புகள் ‘ஃபைல்ஸ்’ கோப்புறையிலும், முகப்படங்கள் ‘இமேஜஸ்’ கோப்புறைக்குள் ‘அவதார்ஸ்’, அதற்குள் ‘அப்லோட்’ என்ற கோப்புறையிலும் உள்ளன. புதிய தொகுப்பிலும் அதே பெயர்களில் வெற்றுக் கோப்புறைகள் உண்டு. சில எஃப்டிபி நிரல்கள் ‘மாற்றவா’ என்று கேட்கும்போது உள்ளடக்கத்தைச் சேர்ப்பதற்குப் பதிலாகக் கோப்புறையையே மாற்றிவிடும்; அப்போது இருந்ததெல்லாம் போய், ஒரு வெற்றுக் கோப்பு மட்டும் மிஞ்சும். பிரதியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, உடைமையும் எழுதும் அனுமதியும் இணையச் சர்வரின் பயனருக்கு இருக்கின்றனவா என்று பாருங்கள்.

‘ஃபைல்ஸ்’ கோப்புறையைத் திறந்து பார்த்தவர்கள், அங்கே படம் எதுவும் இல்லை, ஏதோ குப்பைப் பெயர்களே உள்ளன என்று அழித்துவிட்ட கதையும் உண்டு. இணைப்புகள் அவற்றின் சொந்தப் பெயரில் வைக்கப்படுவதில்லை. உறுப்பினர் எண்ணும் ஒரு நீண்ட சங்கேதச் சரமுமாக, நீட்டிப்புப் பெயர் இல்லாமல் இருக்கும். எது திருமணப் படம், எது பிடிஎஃப் என்பது தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். முகப்படங்களின் பெயருக்கு முன்னால் வரும் சரமும் அப்படியே: அது தரவுத்தளத்தில் உள்ள ஓர் அமைப்போடு பொருந்தினால்தான் படம் தெரியும். ஆகவே கோப்புகளும் தரவுத்தளமும் ஒரே நாளில் எடுத்த பிரதிகளாக இருக்க வேண்டும்.

அறிகுறி: தோற்றம் குலைந்திருக்கிறது

உடன் வரும் புரோசில்வர் தோற்றத்தில் மன்றம் நன்றாகத் தெரிந்து, உங்கள் சொந்தத் தோற்றத்தில் மட்டும் குலைந்தால், அந்தத் தோற்றம் 3.3க்கு ஏற்றபடி திருத்தப்படவில்லை. நிர்வாகப் பலகத்தில் உறுப்பினரின் தேர்வை மீறி அனைவருக்கும் புரோசில்வரைக் காட்டும் விருப்பத்தை இயக்கிவிட்டு, மன்றத்தைத் திறந்து, தோற்றத்தை நிதானமாகத் திருத்துங்கள். அழகுக்காக மன்றத்தை மூடி வைக்க வேண்டியதில்லை.

அறிகுறி: நீட்சி ஒன்றை இயக்கியதும் எல்லாம் விழுந்துவிடுகிறது

மேம்படுத்தும் முன் எல்லா நீட்சிகளையும் முடக்கியிருந்தால், பிறகு ஒவ்வொன்றாக இயக்கும்போது எது காரணம் என்று உடனே தெரிந்துவிடும். விழுந்துவிட்டால் கட்டளை வரி நிரலைச் ‘சேஃப்-மோட்’ விருப்பத்துடன் ஓட்டி அந்த நீட்சியை முடக்கலாம். கட்டளை வரி இல்லாதவர்கள் ‘எக்ஸ்ட்’ கோப்புறைக்குள் அந்த நீட்சியின் கோப்புறைக்குத் தற்காலிகமாக வேறு பெயர் இட்டு, கேஷை அழிக்கலாம். அடித்தளமே சிம்ஃபனி 2.8இலிருந்து 3.4க்கு நகர்ந்திருப்பதால், 3.2க்காக எழுதிய நீட்சி 3.3இல் விழுவது வியப்பன்று. ஆசிரியர் வெளியிட்ட புதிய பதிப்பைத் தேடுங்கள்.

நீட்சிகள் பக்கத்தில் ஒரு நீட்சியை முடக்கியதும் அதன் தரவை நீக்கும் பொத்தான் தோன்றும். முடக்கினால் நீட்சி உறங்கும், அதன் அட்டவணைகள் அப்படியே இருக்கும். தரவை நீக்கினால் அட்டவணைகளே போய்விடும். ‘நன்றி’ தெரிவிக்கும் நீட்சியாக இருந்தால், பத்தாண்டுகளாக உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் சொன்ன நன்றிகள் அத்தனையும் ஒரு சொடுக்கில் மறையும். கைத்தவறுதலாக அமுக்கியவர்களின் புலம்பலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அறிகுறி: தேடினால் எதுவும் கிடைப்பதில்லை

பராமரிப்புப் பகுதியில் தேடல் அட்டவணையை அழித்து மீண்டும் உருவாக்குங்கள். பெரிய மன்றத்தில் மணிக்கணக்கில் ஆகும் என்பதால், இதை மன்றத்தைத் திறந்த பிறகு ஓர் இரவில் செய்யலாம். அதுவரை தேடலை மட்டும் முடக்கி வையுங்கள்.

அறிகுறி: சோதனைத் தளத்திலிருந்து உறுப்பினர்களுக்கு அஞ்சல் போகிறது

மேம்படுத்தலை முதலில் ஒரு நகல் தளத்தில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நகல் தளத்தில் இருப்பவை உண்மையான உறுப்பினர்களின் உண்மையான அஞ்சல் முகவரிகள். நீங்கள் சோதனைக்காக ஒரு பதிலை எழுதினால், அந்தத் தலைப்பைப் பின்தொடரும் அனைவருக்கும் அறிவிப்பு பறக்கும். அதிலுள்ள சுட்டியை அமுக்கியவர்கள் நகல் தளத்துக்கு வந்து, அதுதான் மன்றம் என்று எண்ணி அங்கேயே பதில் எழுதிவிட்டுப் போவார்கள். நகலைத் திறக்கும் முன்பே, அமைப்பு அட்டவணையில் அஞ்சல் அனுப்பும் வரிசையைச் சுழியமாக்குங்கள். குக்கீயின் பெயரையும் மாற்றுங்கள், இல்லையேல் இரு தளங்களும் ஒன்றையொன்று உள்நுழைவிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருக்கும். தளத்தின் வாயிலில் சர்வர் அளவிலேயே ஒரு கடவுச்சொல்லையும் இடுங்கள். அஞ்சல் போய்விட்டது என்றால், நகலை உடனே மூடி, அங்கே வந்து விழுந்த பதில்களைப் படியெடுத்து, எழுதியவர்களுக்கே திருப்பி அனுப்பி, உண்மையான மன்றத்தில் இடச் சொல்லுங்கள்.

அறிகுறி: திறந்த பிறகு, மூன்றாம் நாள் ஒரு பெரிய பழுது தெரிகிறது

இப்போது பழைய பிரதிக்குத் திரும்பினால் மூன்று நாள் பதிவுகள் அழியும். ஆகவே திரும்பும் எண்ணத்தை விட்டு, இருக்கும் இடத்திலேயே திருத்துவதற்கு வழி பாருங்கள். இணைப்புகள் சில மட்டும் காணவில்லை எனில், அவற்றைப் பிரதியிலிருந்து எடுத்து வைக்கலாம். ஒரு பகுதியின் பழைய பதிவுகள் மட்டும் கெட்டிருந்தால், பழைய பிரதியை வேறு பெயரில் தனித் தரவுத்தளமாக மீட்டு, கெட்ட பதிவுகளின் எண்களைக் கொண்டு அவற்றின் உரையை மட்டும் அங்கிருந்து கொண்டுவரலாம். உரையோடு சேர்த்து, எழுத்தை வடிவமைக்கும் பிபிகோடு குறிகளுக்காக ஒவ்வொரு பதிவுடனும் வைக்கப்படும் துணை நெடுவரிசைகளையும் கொண்டுவர வேண்டும்; இல்லையேல் தடித்த எழுத்துகளும் மேற்கோள்களும் குறிகளாகவே பக்கத்தில் கிடக்கும். தொடங்கும் முன் இப்போதைய நிலைக்கும் ஒரு பிரதி எடுத்து, அதன் கடைசி வரியைப் பார்த்துவிடுங்கள். எத்தனை பதிவுகளை மாற்றப்போகிறது என்பதை முதலில் எண்ணிக்கையாக மட்டும் கேட்டு, கெட்ட பதிவுகளின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போனால், அதற்குப் பிறகு மாற்றும் கட்டளையை ஓட்டுங்கள்.